அலைவாயில் அமர்ந்த மாசிலாமணி நாதர்

காவிரி வளநாட்டின் கீழ்க்கோடியில், கடல் அலைகள் வந்து மோதும் கரையில் அமைந்த மீனவச் சிற்றூர் தரங்கம்பாடி. தரங்கமாவது அலை, பெயர்ப் பொருத்தம் வெளிப்படை. ஆயினும் கல்வெட்டில் காணும் பழம்பெயர் சடங்கன்பாடி என்பதாம்.

இவ்வூரில் மாசிலாமணி நாதருக்குத் திருக்கோயில் எழுந்தது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 அளவில். குலசேகரன்பட்டினம் என்று ஊருக்கும் அம்மன்னன் பெயர் வழங்கலாயிற்று. பட்டினம் என்றமையால், கடல் வாணிகம் அன்றே இங்கு சிறந்திருந்தது என்று கொள்ளலாம்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் இசைவு பெற்று டேனியர் கோட்டை கட்டினர். டென்மார்க்கு மன்னருக்கு நாயக்கர் பொன்னேட்டில் விடுத்த ஓலை இன்றும் அந்நாட்டில் பேணப்படுகின்றது. 1845-இல் ஊர் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. கோட்டையைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் பயணிகள் பலர், அதனினும் முந்நூறாண்டு மூத்த சிவாலயம் அண்மையிலேயே நிற்பதை அறியார்!

வாணிகச் செல்வத்தைக் கொணர்ந்த அக்கடலே கோயிலையும் அரித்தது. கரை உள்வாங்க உள்வாங்க, முன்மண்டபப் பகுதிகள் அலைக்கு இரையாயின. 2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் பலரைக் கொண்டுபோயிற்று. அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய கருங்கற்பாறைகளின் மேல் இன்றும் அலை வந்து உடைகின்றது.