பாஞ்ச் ஓக்

பாஞ்ச், இமயமலையின் நடு உயரங்களில் வளரும் பசுமைமாறா ஓக் மரம். அறிவியல் பெயர் குவெர்கஸ் லியூகோட்ரைகோபோரா; குடும்பம் ஃபேகேசி. இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், நேபாளம் ஆகிய மலைப்பகுதிகளில், பெரும்பாலும் 1,200 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் காடாகப் படர்ந்திருக்கிறது. நைனிடால், முசூரி, பின்சர் ஆகிய இடங்களைச் சூழ்ந்த கரும்பச்சைக் காடுகளில் பெரும்பங்கு இதுவே. தென்னிந்தியாவில் ஓக் இனம் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால், பாஞ்சுடன் கலந்து வளர்ந்து செக்கச்செவேலெனப் பூக்கும் புராஞ்ச் மரத்தின் நெருங்கிய உறவை நீலகிரியில் காணலாம்.

நடுத்தர உயர மரம். இலை நீண்டு, விளிம்பில் ரம்பப் பற்களோடு இருக்கும். மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுவதும் வெண்ணிறப் பூனைமயிர் அடர்ந்திருக்கும். காற்று வீசும்போது காடே வெளுத்துத் தெரிவது இதனால்தான். வசந்தத்தில் விடும் தளிர் இளஞ்சிவப்பு. ஏப்ரல், மே மாதங்களில் ஆண்பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்தாற்போல் இருக்கும் கொட்டை முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். முற்றியதைக் கரடி, குரங்கு, பறக்கும் அணில் எல்லாம் தேடி வந்து தின்னும். முதிய மரங்களின் பட்டைமேல் பாசியும் பெரணியும் குடியேறியிருக்கும்.

மலைக் கிராமங்கள் இந்த மரத்தை நம்பி நிற்பதற்கு முதற்காரணம் தண்ணீர். உதிர்ந்த இலைகள் மட்கி மரத்தடியில் கறுத்த, தளர்வான மண்ணாகச் சேர்கின்றன. மழைநீர் சரிவில் அடித்துக்கொண்டு ஓடாமல் அதில் இறங்கி, மெல்லக் கீழே கசிகிறது. பாஞ்ச் காட்டுக்குக் கீழே உள்ள ஊற்று கோடையிலும் வற்றாது என்பது உத்தராகண்டின் கட்வால், குமாவூன் பகுதி மக்களின் உறுதியான நம்பிக்கை.

அடுத்தது தீவனம். பனிக்காலத்தில் புல் காய்ந்தபின் மாடுகளுக்குக் கிடைக்கும் பசுந்தழை பெரும்பாலும் இதுதான். பெண்கள் மரமேறிக் கிளைகளைக் கழித்து, கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். சருகைத் தொழுவத்தில் பரப்புவார்கள். சாணத்தோடு மட்கி அது வயலுக்கு எருவாகும். கட்டை நின்று எரியும், நல்ல கரியும் தரும். கலப்பைக்கும் கோடரிக் காம்புக்கும் இதன் மரமே விருப்பம். உத்தராகண்டில் ஓக் டசர் பட்டுப்புழுவை இந்த இலையில் வளர்க்கிறார்கள்.

மரவியாபாரத்தில் இதற்கு மதிப்பு இருந்ததில்லை. மரம் கனமானது, காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். ஆங்கிலேயர் கால வனத்துறைக்கு வேண்டியது ரயில்பாதைக் கட்டையும் பிசினும் டர்பன்டைனும். அவற்றைத் தந்த சிர் பைன் மரத்துக்கே ஆதரவு கிடைத்தது, பாஞ்ச் பின்தள்ளப்பட்டது. பைன் ஊசிச்சருகு எளிதில் தீப்பற்றும், மாடும் தின்னாது. 1921-இல் குமாவூன் மக்கள் வனச்சட்டங்களை எதிர்த்துக் காடுகளுக்குத் தீவைத்தபோது எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். பாஞ்ச் காடுகளை மக்கள் தொடவில்லை. காடு எதற்கு என்ற கேள்விக்கு அம்மக்கள் தந்த விடை அதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. காந்தியின் சீடரான மீரா பென் அந்த மலைகளில் வாழ்ந்து, பாஞ்ச் குறைந்து பைன் பெருகுவதற்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பை 1952-இல் எழுதினார். மரங்களைக் கட்டியணைத்து வெட்டைத் தடுத்த சிப்கோ இயக்கத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கை அது.

பாஞ்ச் வளர்ப்புக்குப் பொறுமை வேண்டும். கொட்டை குளிர்காலத்தில் முற்றும். காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும்; ஆகையால் நெல், கம்பு போல விதையைச் சேமித்துவைக்க வழியில்லை. பொறுக்கியவற்றைத் தண்ணீரில் போட்டு, வண்டு துளைத்து மிதப்பவற்றை நீக்கிவிட்டு, மூழ்கியவற்றை உடனே விதைக்க வேண்டும். தண்டு தலைகாட்டுமுன் ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும் என்பதால் ஆழமான பை நல்லது. தொடக்க ஆண்டுகளில் ஓரளவு நிழலும் மண்மேல் சருகு மூடாக்கும் தேவை. கன்றைப் பருவமழைத் தொடக்கத்தில் நட்டு, ஆடுமாடும் தீயும் அண்டாமல் காக்க வேண்டும். வளர்ச்சி மெதுவாகவே இருக்கும். வேரூன்றிய மரமோ எளிதில் சாகாது. வெட்டினாலும் எரிந்தாலும் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஆண்டுதோறும் ஒரே மரத்தில் தழை கழித்தால் அது காய்ப்பதை விட்டுவிடும். புதுக்கன்று முளைக்காமல் காடு கிழடாகிவிடும். இதைத் தடுக்க, 1931-இல் சட்டவடிவம் பெற்ற, கிராம மக்களே காட்டை நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துகள் பலவற்றில் காட்டை ஆண்டின் பெரும்பகுதி மூடிவைத்து, பனிக்காலத்தில் குறித்த சில நாட்கள் மட்டும் திறக்கிறார்கள். அப்போதும் தழை கழிப்பதற்குப் பகுதி மாற்றி விடுவார்கள். உச்சிக் கிளைகளை யாரும் தொடக்கூடாது.