வீடு தேடி வந்த பல்கலைக்கழகம்



பல்கலைக்கழகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? உயர்ந்த கட்டடங்கள், பெரிய நூலகம், கறுப்பு அங்கி அணிந்த பட்டதாரிகள். அங்கே போய்த் தங்கிப் படிக்க வசதி உள்ளவர்களுக்கே அது உரியது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். தோட்டக் குடும்பங்களில் இவ்வெண்ணத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளை வேலைக்குப் போனால் படிப்பு நின்றுவிடும். படிக்கப் போனால் வீட்டுக்கு வரவேண்டிய சம்பளம் நின்றுவிடும். இந்த இக்கட்டில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வகையில், பேர்பெற்ற பல்கலைக்கழகங்கள் தம் வாசலைத் தாண்டி மாணவரின் வீட்டுக்கே வந்த வரலாறு ஒன்று உண்டு. அதில் நம் பினாங்குத் தீவுக்கும் சிறப்பான இடம் உண்டு. அந்த வரலாற்றையே இன்று காண்போம்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். 1858ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகம் ஒரு புதிய வழியைத் திறந்தது. மாணவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார் என்று அது கேட்கவில்லை. தேர்வு எழுதித் தேறினால் பட்டம் உண்டு என்றது. பாடம் வேறு, தேர்வு வேறு என்று பிரித்ததால், கடல் கடந்த நாடுகளில் இருந்தவர்களும் அப்பட்டத்தைப் பெற முடிந்தது. இலங்கையில் 1921ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, சொந்தப் பட்டம் வழங்கும் உரிமை இல்லாமையால், லண்டன் பட்டத்துக்கே மாணவர்களைப் பயிற்றுவித்தது. 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இந்நிலை நீடித்தது.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு பல்கலைக்கழகம் 1946ஆம் ஆண்டு முதல் தபால்வழிக் கல்வியை மேற்கொண்டது. நெல்சன் மண்டேலா 1989ஆம் ஆண்டு, சிறையில் இருந்தபடியே, அதன் சட்டப் பட்டத்தைப் பெற்றார். சிறைச்சுவரையே தாண்டிய கல்வி, தோட்டத்து லயத்தை எட்டாது என்று சொல்ல முடியுமா?

இனி, நம் பினாங்குக்கு வருவோம். 1969ஆம் ஆண்டு இத்தீவில் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் தோன்றியது. முதலில் பினாங்குப் பல்கலைக்கழகம் எனப்பட்ட அதுவே, பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. தொடக்கத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கெலுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்தான் தற்காலிகமாக இடம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற என் போன்றோருக்கு அதில் ஒரு சிறு பெருமிதம் உண்டு. பிறகு 1971ஆம் ஆண்டு மிண்டன் வளாகத்துக்கு மாறியது. அது பிரிட்டிஷ் இராணுவத்தினர் பாசறையாக வைத்திருந்த இடம். சுங்கை பினாங் வட்டாரத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தூரந்தான்.

அதே 1971ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் ஒரு துணிவான காரியத்தைச் செய்தது. வளாகத்துக்கு வெளியே இருப்போருக்கும் பட்டப்படிப்பை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவில் அதுவே முதல் முயற்சி. பிறந்து இரண்டே ஆண்டுகள் ஆன பல்கலைக்கழகம், தன் வகுப்பறைகளே முழுமை பெறாத வேளையில், வெளியூர் மாணவர்களையும் ஏற்றுக்கொண்டது!

அத்திட்டம் எப்படி நடந்தது? அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும். மாணவர் வீட்டில் படித்துப் பயிற்சிகளை எழுதி அனுப்புவார். பெரிய ஊர்களில் வட்டார மையங்கள் அமைந்தன. ஆண்டுக்கொரு முறை, ஏறத்தாழ மூன்று வாரம், எல்லாரும் மிண்டனில் கூடி விரிவுரையாளர்களை நேரில் கண்டு பயில வேண்டும். தொடக்க காலத்தில், கடைசி ஓராண்டு வளாகத்திலேயே முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. பின்னாளில் அந்தக் கட்டாயம் நீங்கியது.

சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் பள்ளி ஆசிரியர்கள். பகலில் பள்ளியில் கற்பித்துவிட்டு, இரவில் மாணவராக மாறினார்கள். சம்பளமும் நிற்கவில்லை, படிப்பும் நிற்கவில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன இக்கட்டுக்கு இதுவன்றோ மருந்து?

ஆனால், நேயர்களே, மருந்து எல்லாருக்கும் எட்டியதா என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அந்நாளைய மலாயாவில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று விதித்தது. அப்படி அமைந்த பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்குமேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும், பாடமொழியும் மாறும். பல்கலைக்கழகத்தில் சேரவோ இடைநிலைப் பள்ளியை முடித்து, அதற்கு மேலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஆகவே, மிண்டனின் கதவு திறந்திருந்தும், படிக்கட்டுகளில் பாதியே ஏறியிருந்த தோட்டப் பிள்ளைகள் பலருக்கு அது எட்டவில்லை. இது யார் மீதும் குறை சொல்வதற்காக அன்று. பாடம் வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது, அதைப் பெறும் தகுதிக்கும் வழி வேண்டும் என்பதை உணர்வதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் படிக்கட்டுகளும் பின்னர் தாழ்ந்தன. 2006ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதன் முதல் துணைவேந்தர் கஜராஜ் தனராஜன். மிண்டனில் பணியாற்றித் தொலைக்கல்வியில் தேர்ந்து, ஹாங்காங்கிலும் காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பிலும் தலைமை ஏற்றவர் அவர். மேலும், வேலை அனுபவத்தையே தகுதியாக மதிப்பிட்டு, 21 வயது நிறைந்தோரைப் பட்டப்படிப்பில் சேர்க்கும் முறையும் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பள்ளியை இடையில் விட்டவர், பல ஆண்டு வேலைக்குப் பின் மீண்டும் படிக்க அது வழி செய்தது.

தமிழ்நாட்டிலும் இவ்வழி பரவியது. மதுரைப் பல்கலைக்கழகம் மிண்டனைப் போலவே 1971ஆம் ஆண்டிலும், சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டிலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின.

பிறகு தபால்காரரின் இடத்துக்கு இணையம் வந்தது. 2020ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி. கணினி வழியே தரவு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அக்கழகத்தில் இடம்பெறுவது எவ்வளவு கடினம் என்பது ஊரறிந்த செய்தி. இப்புதிய படிப்பிலோ, கடும் நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக, முதலில் நான்கு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்து, அதன்பின் தகுதித் தேர்வு வைத்தார்கள். வாசலில் நிறுத்திச் சோதிக்காமல், உள்ளே அழைத்துக் கற்பித்தபின் சோதித்தார்கள். எவ்வளவு பெரிய மாற்றம்!

எனினும், இணையம் எல்லா இடர்களையும் நீக்கிவிடவில்லை. அதே 2020ஆம் ஆண்டு, நோய்த்தொற்றுக் காலத்தில், சபா மாநிலத்து மாணவி ஒருவர் தேர்வு எழுத அலைவரிசை கிடைக்காமல், மரத்தின்மேல் ஏறித் தங்கி எழுதியதை நாடே கண்டது.  இணையம் சரிவர எட்டாத ஊர்கள் இருந்தன.

இந்த நெடிய வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? வழிகள் மாறின, தபால் போய் இணையம் வந்தது. ஆனால் தனியே இருந்து படிப்பவர் பாதியில் சோர்ந்துவிடும் ஆபத்து மாறவில்லை. அதனாலேயே மிண்டனில் மூன்று வாரம் எல்லாரையும் ஒன்றுகூட்டினார்கள். தன்னைப் போல் இன்னும் பலர் படிக்கிறார்கள் என்று நேரில் காண்பதே பெரிய ஊக்கம்.

ஆகவே, பெற்றோர்களே, தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் உங்கள் மகனோ மகளோ பட்டப்படிப்பைப் பற்றிப் பேசினால், மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பணம் கட்டுமுன், அப்படிப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். பேர் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. இரண்டாவது, அதே படிப்பைப் படிக்கும் இன்னும் இருவரோடு அவர்களைச் சேர்த்துவையுங்கள். மூன்றாவது, இரவில் இரண்டு மணி நேரம் வீட்டில் ஒரு மேசையும் அமைதியும் கொடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துவதற்கு வெள்ளி செலவில்லை.

பல்கலைக்கழகம் நெடுந்தூரம் நடந்து நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. அதை உள்ளே அழைத்து உட்கார வைப்பது வீட்டாரின் வேலை.