வைமார் குடியரசின் வீழ்ச்சி: அவசரகால அதிகாரமும் பாராளுமன்றமும்

சனநாயகம் படைபலத்தால் மட்டுமன்றிச் சட்டத்தின் துணைகொண்டும் வீழ்த்தப்படலாம் என்பதற்கு ஜேர்மனியின் வைமார் குடியரசு (1919–1933) தக்க சான்றாகும். அதன் வீழ்ச்சிக்குப் பொதுவாக இரு காரணங்கள் கூறப்படுகின்றன. 1929ஆம் ஆண்டிற் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ஒன்று. மக்களே ஹிட்லரைத் தெரிந்தெடுத்தனர் என்பது மற்றொன்று. இவை முழுமையான விளக்கமாகா. 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வேலையற்றிருந்தனர் என்பது உண்மையே. எனினும், அதே மந்தத்தால் அல்லலுற்ற பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சனநாயகம் நிலைத்தது. மேலும், 1932 யூலைத் தேர்தலில் 37.3 சதவீத வாக்குகளைப் பெற்ற நாசிக் கட்சி அவ்வாண்டு நவம்பரில் 33.1 சதவீதத்துக்கு இறங்கிற்று. சுதந்திரமான எத்தேர்தலிலும் அது அறுதிப் பெரும்பான்மை பெற்றதில்லை. எனவே, நோயின் மூலத்தை வேறிடத்திலும் தேடுதல் வேண்டும்.

1919ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பொது அமைதிக்கு ஆபத்து நேருமிடத்து அவசர நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை 48ஆம் உறுப்புரையினூடாகச் சனாதிபதிக்கு வழங்கியது. அந்நடவடிக்கையை நீக்குமாறு கோரும் உரிமை பாராளுமன்றத்துக்கு இருந்தது. ஆனால், பாராளுமன்றத்தையே கலைக்கும் உரிமை சனாதிபதியிடம் இருந்தது. முதற் சனாதிபதி ஏபேர்ட், கிளர்ச்சிகளிலிருந்து குடியரசைக் காக்கவும் நெருக்கடிகளைச் சமாளிக்கவும் இவ்வதிகாரத்தைப் பன்முறை கையாண்டார். காப்பாகத் தொடங்கியது காலப்போக்கில் வழக்கமாயிற்று.

1930 மார்ச்சில், வேலையற்றோர் காப்புறுதி பற்றிய பிணக்கினால் முல்லரின் கூட்டரசாங்கம் குலைந்தது. சனாதிபதி ஹின்டன்பேர்க், பாராளுமன்றப் பெரும்பான்மையற்ற புரூனிங்கைச் சான்சலராக நியமித்தார். யூலையில் அவரது அவசரக் கட்டளையைப் பாராளுமன்றம் நிராகரித்ததும் அது கலைக்கப்பட்டது; கட்டளை மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த செப்டெம்பர்த் தேர்தலில் நாசிகளின் ஆசனங்கள் 12இலிருந்து 107ஆக உயர்ந்தன. அவர்களுக்கு அஞ்சிய சமூக சனநாயகக் கட்சியினர் புரூனிங்கின் கட்டளைகளைச் சகித்துக்கொண்டனர். விளைவு யாது? 1930இல் பாராளுமன்றம் 98 சட்டங்களை இயற்ற, அவசரக் கட்டளைகள் ஐந்தே பிறந்தன. 1932இல் சட்டங்கள் ஐந்தாகவும் கட்டளைகள் 66ஆகவும் மாறின. பாராளுமன்றமின்றியே ஆட்சி நடத்தலாம் என்பதை ஹிட்லருக்கு முன்னரே நாடு கண்டுகொண்டது.

1933 சனவரி 30இல் ஹிட்லரைச் சான்சலராக்கியவர் ஹின்டன்பேர்க்கே. பெப்ரவரி 28இல் பேச்சு, எழுத்து, கூட்டம் ஆகியவற்றுக்கான சுதந்திரங்களை இடைநிறுத்திய கட்டளையும் அதே 48ஆம் உறுப்புரையின் பெயராலேயே பிறந்தது. மார்ச் 23இல், பொதுவுடைமை உறுப்பினர்கள் விலக்கப்பட்ட சபையில், சட்டமியற்றும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு ஒப்படைக்கும் சட்டம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறிற்று. வாக்களித்த சமூக சனநாயகக் கட்சியினர் 94 பேர் மட்டுமே அதனை எதிர்த்தனர். யூலை 14இல் நாசிக் கட்சியே நாட்டின் ஒரே கட்சியாயிற்று.

அரசியலமைப்பின் வாசகங்கள் தாமாகவே ஒரு நாட்டைக் காப்பதில்லை. விட்டுக்கொடுத்து உடன்பாடு காணும் பொறுப்பைக் கட்சிகள் கைவிடும்போது, அவ்வெற்றிடத்தை அவசரகால அதிகாரம் நிரப்புகிறது. நல்லோர் கையில் அது வழக்கமாகிவிடின், பின்வரும் தீயோர் புதியதோர் ஆயுதத்தைத் தேடவேண்டியதில்லை.