பெட்டிக்குள் இருந்த ஏடுகள்



சரஸ்வதி பூசையன்று நம் வீடுகளில் புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். மறுநாள் விஜயதசமியன்று அவற்றை எடுத்துப் படிக்க வேண்டும் என்பது மரபு. ஆனால், அடுக்கியவற்றில் எத்தனை நூல்களை நாம் பிரித்துப் பார்க்கிறோம்? அடுத்த ஆண்டுப் பூசைவரை உறங்குகிறவை எத்தனை? படிக்காத புத்தகத்தை மனிதர் ஏன் வைத்திருக்கிறார்கள்? தமிழ் ஏடுகளின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது. அதை இன்று காண்போம்.

அச்சு பரவுவதற்கு முன், நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். ஓலையைக் கறையான் அரிக்கும்; ஓரம் ஒடியும். ஆகவே சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் பார்த்து எழுத வேண்டும். படிக்கிறவர் இருந்தால்தான் எழுதுகிறவரும் இருப்பார்.

படித்த பாட்டனார் ஏடுகளைச் சேர்த்து வைத்தார். பேரப்பிள்ளைகளுக்கோ அந்த எழுத்துப் பிடிபடவில்லை. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். இருந்தும் அவர்கள் ஏட்டை எறியவில்லை. அது குடும்பத்தின் பெருமை. கலைமகள் குடியிருக்கும் இடம். பரணிலும் பெட்டியிலும் காத்து, பூசையன்று பொட்டிட்டு வணங்கினார்கள்.

அந்தப் பக்தி செய்த நன்மை பெரிது. 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா?" என்ற கருத்தில் வினவினார். எத்தனையோ நூல்களைக் கற்றிருந்த ஐயர் அதைப் படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியில் தொடங்கியவர், பிறகு ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். யாரும் படிக்காமல் கிடந்த கட்டுகளைப் பிரித்தார். 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. படிக்காதவர் காத்து வைத்ததைப் படிக்கத் தெரிந்தவர் மீட்டார்.

ஆனால், அதே பக்தி தீமையும் செய்தது. ஏடு புனிதமானது, சிதைந்தாலும் அதன்மேல் கால் படலாகாது என்று எண்ணியவர்கள், ஆடிப்பெருக்கில் அதை ஆற்றில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு மனம் நொந்ததை ஐயரே எழுதியிருக்கிறார். அவை பகையால் அழியவில்லை, மரியாதையால் அழிந்தன! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லாமற் போனதே காரணம்.

இனி, நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர் எழுத்தறியாதவர்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. தமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பெரிய எழுத்துப் பாரதத்தை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்தவர்கள் உண்டு. வீண் பெருமைக்காகவா? இல்லை. பிள்ளை ஒருநாள் படித்துக் காட்டுவான் என்ற நம்பிக்கைதான். ஒருவர் லயத்து வாசலில் உரக்கப் படித்தால், பால் வெட்டிக் களைத்த பத்துப் பேர் கூடியிருந்து கேட்டார்கள்.

பிற்காலத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. வீடு மாறும்போதுதான் பழைய பெட்டி கைநழுவிப் போகிறது. "யாரும் படிக்காத குப்பை" என்று சொல்லி எறிந்துவிடுகிறோம்.

ஆகவே நேயர்களே, படிக்காத புத்தகம் வீட்டில் இருப்பது வெட்கமன்று. யாரும் பிரிக்காமலே அது மக்கிப்போவதுதான் குற்றம். இந்த ஆண்டு விஜயதசமியன்று ஒரு புத்தகத்தைப் பிரியுங்கள். பிள்ளையை ஒரு பக்கமாவது உரக்கப் படிக்கச் சொல்லி, பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அது யார் வாங்கியது, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது வாங்கியது என்று கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாட்டன் பூட்டிவைத்த நம்பிக்கையைப் பேரப்பிள்ளை திறக்கட்டும்.