சிங்கப்பூர் – கோலாலம்பூர் வான்வழி

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பழைய கணக்கில் 185 மைல். பயணிகளை ஏற்றிக்கொண்டு, கால அட்டவணைப்படி விமானங்கள் இத்தொலைவைக் கடக்கத் தொடங்கியது 1937-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள். சிங்கப்பூரில் மோட்டார் வண்டி வணிகத்தில் பெயர்பெற்றிருந்த வேர்ன் சகோதரர்களின் நிறுவனம் அவ்வழியைத் திறந்தது. விமானம் கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கு வரை சென்றது. காலாங் விமான நிலையம் திறக்கப்பெற்றதும் அதே மாதத்தில்தான்.

அவர்கள் ஓட்டிய டிராகன் ராப்பிட், மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய ஈரடுக்குச் சிறகு விமானம். மணிக்கு 210 கிலோமீட்டர் அளவில் பறப்பது. ஆகவே கோலாலம்பூரை அடைய ஒன்றரை மணி நேரத்தையொட்டி ஆகும். இரவு அஞ்சல் ரயிலில் ஏறியவர் விடியற்பொழுதில் இறங்கிய காலத்தில் இது சிறு வியப்பன்று. உலகப் போர் அச்சேவையை முடித்துவிட்டது. 1947 மே மாதத்தில் மலாயன் ஏர்வேஸ், ஐந்து பேர் மட்டுமே அமரக்கூடிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தைக் கொண்டு இவ்வழியில் வாரச் சேவையைத் தொடங்கிற்று. வேகம் 250 கிலோமீட்டர். நேரம் ஒன்றேகால் மணி அளவு.

இன்றைய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். வேகம் மும்மடங்கானால் நேரமும் மூன்றில் ஒன்றாக வேண்டுமன்றோ? ஆகவில்லை. அட்டவணையில் இன்றும் ஒரு மணி நேரம், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. காரணம் எளிது. ஜெட் விமானம் தன் முழு வேகத்தை எட்டுவது மிக உயரத்தில். இக்குறுகிய வழியில் அவ்வுயரத்தை அடைந்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். நிலையத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், முறைக்குக் காத்திருப்பதும் அட்டவணைக் கணக்கிலேயே சேரும்.

அட்டவணையில் சேராத கணக்கு ஒன்றும் உண்டு. பயணிக்கு அதுவே பெரிது. காலாங் நிலையம் நகரின் விளிம்பிலேயே இருந்தது. 1955-இல் பாய லேபார், 1981-இல் சாங்கி என அது கிழக்கே நகர்ந்தது. கோலாலம்பூரிலோ, நகரை ஒட்டிய சுங்கை பீசியிலிருந்து 1965-இல் சுபாங், அங்கிருந்து 1998-இல் சிப்பாங். சிப்பாங் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். விரைவு ரயிலிலேயே அரைமணி ஆகிறது. ஜெட் விமானத்திற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும், அதன் இரைச்சலும் குடியிருப்புக்கு ஆகாது. ஆதலால் நிலையங்கள் விலகியதைக் குறை கூறுவதற்கில்லை. 1965-இல் இரண்டும் வெவ்வேறு நாடுகளானபின் கடப்பிதழ்ச் சோதனையும் வந்து சேர்ந்தது. விண்ணில் மிச்சம் பிடித்த நிமிடங்களை மண்ணில் இழந்த கதை இது.

ஆயினும் கூட்டம் குறையவில்லை. 2018-இல் வெளிவந்த கணக்கின்படி, உலகிலேயே மிகுதியான விமானங்கள் பறந்த பன்னாட்டு வழி இதுவே. ஓராண்டில் 30,000-க்கும் மேல். இக்கூட்டத்தைக் கருதியே, 350 கிலோமீட்டர் தொலைவை 90 நிமிடத்தில் கடக்கும் அதிவேக ரயில் பாதைக்கு இரு அரசுகளும் 2016-இல் ஒப்பந்தம் செய்தன. விமானத்தைவிட மெதுவானது, ஆனால் நகரிலிருந்து நகருக்கே செல்வது. அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டதென்று 2021 ஜனவரி 1-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரில் அந்த ரயிலுக்குக் குறித்திருந்த இடம் பண்டார் மலேசியா; கான்சல் விமானங்கள் அன்று வந்திறங்கிய அதே சுங்கை பீசித் திடல்.