வேலை போன நாய்கள்



புனித பேட்ரிக் திருநாளன்று இந்த ஜெர்சி சிட்டியில் ஓர் ஐரிஷ் ஓநாய்வேட்டை நாயைக் கண்ட சிறுவன், "நம்ம ஊரில் இப்படி உண்டா, ஃபாதர்?" என்றான்.

உண்டு. முதலில் அந்த நாயின் கதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அயர்லாந்தில் ஓநாய்கள் அற்றுப்போயின. வேலையிழந்த அந்த நாயினமும் அருகியது. 1860களில் கிரகாம் என்னும் படை அதிகாரி, எஞ்சியவற்றை ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயோடும் கிரேட் டேனோடும் கலந்து மீட்டார்.

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் வெளியில் முயலைத் துரத்தியவை. ஒடுங்கிய முகம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் யாவும் ஓட்டம் தந்தவை. இராஜபாளையம், மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்றது. இரவில் தோட்டத்தைக் காத்தது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காலப்போக்கில் அவ்வேட்டை சட்டப்படி முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு நாம் செய்ததே வருத்துகிறது. திறனை விட்டு நிறத்தைத் தேடினோம். பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமே இராஜபாளையத்தின் அடையாளமென்றாயின. அவ்வெண்மையோடு பிறவிச் செவிடும் சேர்ந்தே வரக்கூடும். பன்றியின் உறுமல் கேளாத நாயை எந்த வேட்டைக்காரன் வைத்திருப்பான்?

1980களின் தொடக்கத்தில் அரசு சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியது. 2005இல் இராஜபாளையம் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது.

விடுமுறைக்கு ஊர் சென்று வீட்டாருக்குக் குட்டி வாங்கித் தருவோர் நிறத்தைப் பார்க்குமுன், அதன் முதுகுப்புறம் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.