வளைந்து கொடுத்த கண்ணாடி

2003 ஆகஸ்ட் ஞாபகமிருக்கிறதா? குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்று டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. கம்பெனிகள் ஒரேயடியாக மறுத்தன. நாடாளுமன்றக் கூட்டுக்குழு உட்கார்ந்து விசாரித்தது. 2004 பிப்ரவரியில், சி.எஸ்.இ. சொன்னது சரிதான் என்றது.

ஒரு லிட்டர் பானத்தில் ஒரு மில்லிகிராமில் சின்னஞ்சிறு பங்கு. அதைப் பிடித்துக் கொடுத்த கருவி, கேஸ் குரோமட்டோகிராஃப். இந்த வகைக் கருவியின் உயிர்நாடி, தலைமுடி கனத்தில் துளையுள்ள ஒரு குழாய். பேர் கேபிலரி காலம். ‘காலம்’ என்றால் நேரமல்ல. தூண்.

அது என்ன செய்கிறது? கடைத்தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்துப்பேர் ஒன்றாக நுழைகிறார்கள். வேடிக்கை பார்க்காதவர் சீக்கிரம் வெளியே வருவார். கடைகடையாக நிற்பவர் கடைசியில்தான் வருவார். ஆவியாக்கப்பட்ட கலவையை வாயு தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே பூசியிருக்கும் பசையில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவு தங்குகிறது. ஆகவே தனித்தனியாக வந்து மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

1952-ல் இந்த முறையைச் செய்து காட்டியவர்கள் இங்கிலாந்தின் ஜேம்ஸும் மார்ட்டினும். ஆனால், அவர்கள் குழாய்க்குள் பசை தடவிய துகள்களை அடைத்து வைத்திருந்தார்கள். நடுத்தெருவிலும் கடை போட்ட மாதிரி. நீளமாகப் போட முடியாது, வாயு திணறும்.

அடுத்து வந்தவர் மார்செல் கோலே. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்தவர். கெமிஸ்ட்ரிக்காரர் அல்ல, எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி! பெர்கின் எல்மர் கம்பெனியில் ஆலோசகர். தந்திக் கம்பியில் சமிக்ஞை போவதைக் கணக்கிடும் சமன்பாட்டை வைத்து யோசித்தார். நடுவில் எதற்குத் துகள்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுவரில் மட்டும் பசையைப் பூசினால் போதாதா? 1957, 58-ல் கணக்கோடு நிரூபித்தும் காட்டினார். இனி எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் சுருட்டி வைக்கலாம்.

உலகமே தாவிப் பிடித்திருக்க வேண்டாமா? இல்லை. அடுத்த இருபது வருடமும் பெரும்பாலான லேப்களில் பழைய துகள் குழாய்தான்.

ஏன்? உலோகக் குழாய் சில பொருள்களோடு வினைபுரிந்து கெடுத்தது. கண்ணாடி மேல். 1960-ல் டெஸ்டி என்பவர் கண்ணாடியை இழுத்துச் சுருட்ட ஒரு மெஷினே கண்டுபிடித்தார். ஆனால், பழைய காலத்தைக் கழற்றிப் புதிதை மாட்டுவது இருக்கிறதே, அது பெரும்பாடு. சுருளின் இரண்டு முனைகளையும் நெருப்பில் காட்டி, மெல்ல நிமிர்த்தி, கருவிக்குள் நுழைக்க வேண்டும். கை லேசாக நடுங்கினால் படக். போச்சு. அதற்கென்றே கைதேர்ந்த ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்.

1979. ஜெர்மனியின் ஹிண்டெலாங் ஊரில் ஒரு கருத்தரங்கு. ஹியூலெட் பக்கார்டைச் சேர்ந்த டாண்டெனோவும் செரென்னரும் புதுக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒளியிழை தயாரிப்பதுபோல, மிகத் தூய சிலிக்காவை மெல்லிசாக இழுத்தது. வெளியே பாலிஇமைடு பூச்சு. அவர்கள் தேடியது எதனோடும் வினைபுரியாத கண்ணாடி. கூடவே கிடைத்த போனஸ், அது நூல் மாதிரி வளைந்தது!

இன்றைக்கு முப்பது மீட்டர் காலத்தை மாற்ற கண்ணாடி வித்தகர் வேண்டாம். முனையை லேசாகக் கீறி நேராக ஒடிக்க வேண்டும். நட்டில் கோத்து, சொன்ன அளவுக்கு நுழைத்து, முறுக்க வேண்டும். வாயுவை ஓடவிட்டுக் கசிவு பார்த்தபிறகுதான் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பசையைத் தின்றுவிடும். பழகிய டெக்னீஷியன் தனியாளாகவே முடித்துவிடுவார்.

அதே 1979-ல் வாயேஜர் விண்கலங்கள் வியாழன் கோளின் வண்ணப்படங்களை அனுப்பின. வழியில் பிழை வராமல் காத்தது, 1949-ல் இதே கோலே எழுதிய குறியீடு. அவருடைய கணக்கு வியாழன் வரை போய் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான், அவருடைய குழாய் சாதாரண லேப் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

மூளை கண்டுபிடித்தது 1957-ல். கைக்கு அடங்க இருபத்திரண்டு வருடம். கண்டுபிடிப்பின் தேதியை எழுதும்போது, இந்த இரண்டாவது தேதியையும் எழுதிவைப்பதுதான் நியாயம்.